சுழலும் பம்பரமும் சோர்விலா மங்கையும்: சோபியா கோவலெவ்ஸ்காயாவின் வாழ்வும் பணியும்

தோற்றுவாய்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. எனினும் நம் கல்லூரிகளில் எழுத்துக்கு ஒரு கட்டடமும் எண்ணுக்கு மற்றொரு கட்டடமும் அமைத்து, இரண்டிற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மதிலையும் நாமே எழுப்பிக்கொண்டோம். தமிழ்த்துறை மலரில் கணித மேதை ஒருவரின் வரலாறு எதற்கு என்னும் வினா எழுமாயின், அம்மதிலில் ஒரு சாளரம் திறக்கும் முயற்சி இது என்பதே நம் விடை. கணிதப் பகுதிகளை நமக்குப் பொறுமையுடன் விளக்கியருளிய கணிதத்துறை நண்பருக்கு முதற்கண் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

பிறிதொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் பயின்ற கணித மாணவி ஒருவர், இரண்டாம் ஆண்டின் இடையிலேயே படிப்பை நிறுத்திக்கொண்டார். திருமணம் உறுதியாகிவிட்டது என்றனர். மாற்றுச் சான்றிதழ் பெற வந்த அன்று, நூலகத்தில் திருப்பித் தரவேண்டிய நுண்கணித நூல் ஒன்று அவர் கையில் இருந்தது. அலுவலகத்தின் முன் காத்திருந்த அந்த அரைமணி நேரத்திலும் அந்நூலிலிருந்து ஒரு கணக்கைத் தாளில் எடுத்தெழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு முடிந்ததா என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணுகிறோம். அம்மாணவியை நினைந்தே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

சுவரில் எழுதிய கணிதம்

சோபியா 1850ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் உருசியப் பீரங்கிப் படையில் உயர்பதவி வகித்த கோர்வின்-குருகோவ்ஸ்கி. தாயார் செருமானிய மரபினர். அவர்தம் முன்னோருள் வானியல் அறிஞரும் நிலப்படம் வகுத்த வல்லுநரும் இருந்தனர். தந்தையார் ஓய்வு பெற்றபின் குடும்பம் பாலிபினோ என்னும் சிற்றூரிலிருந்த தம் பண்ணை மாளிகையில் குடியேறியது.

அம்மாளிகையின் அறைகளுக்கெல்லாம் வண்ணத்தாள் ஒட்டினர். தலைநகரிலிருந்து வரவழைத்த தாள் குழந்தைகளின் அறைக்கு மட்டும் போதாமற் போயிற்று. ஓர் அறைக்காக மீண்டும் ஆளனுப்ப வேண்டுமா என்று எண்ணிய வீட்டார், பரணிற் கிடந்த பழைய தாள்களை எடுத்து ஒட்டிவிட்டனர். அவை ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி என்னும் கணிதப் பேராசிரியரின் வகை நுண்கணித, தொகை நுண்கணித விரிவுரைகள்; தந்தையார் தம் இளமையில் விலைகொடுத்து வாங்கியவை. சிறுமி சோபியா அச்சுவரின் முன் மணிக்கணக்கில் நின்று, எந்தத் தாளை அடுத்து எந்தத் தாள் வரவேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பார். பொருள் விளங்கவில்லை, வடிவங்கள் மட்டும் மனத்திற் பதிந்தன. பின்னாளில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஸ்ட்ரன்னொலியூப்ஸ்கி என்னும் ஆசிரியர் நுண்கணிதம் கற்பித்தபோது, முன்பே அறிந்தவற்றை நினைவுகூர்பவர்போல் அவர் விரைந்து பற்றிக்கொண்டது கண்டு ஆசிரியர் வியந்தாராம்.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. அண்டை வீட்டினரான பேராசிரியர் டிர்டோவ் தாம் எழுதிய இயற்பியல் நூலொன்றை அக்குடும்பத்திற்கு அளித்தார். ஒளியியற் பகுதியைப் படித்த சோபியா, அங்கு வந்த சைன் என்னும் முக்கோணவியற் சொல்லை அறியாது திகைத்தார். கற்பிப்பாரும் இலர். ஆகவே வட்டத்தின் நாணைக்கொண்டு அதன் பொருளைத் தாமே உருவாக்கிக்கொண்டு மேற்சென்றார். இதனை அறிந்த டிர்டோவ், இச்சிறுமிக்குக் கணிதம் கற்பித்தே ஆகவேண்டும் என்று தந்தையாரிடம் பலகாலும் வற்புறுத்தினார். பெண்கள் கணிதம் கற்பதை விரும்பாத அத்தந்தையார் ஈற்றில் இசைந்தார். பெற்றோர் மனத்தை மாற்ற அயலார் ஒருவரின் நற்சொல்லும் துணைநிற்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சோபியாவின் தமக்கை அன்யூத்தா எழுத்தாற்றல் மிக்கவர். அவர் வீட்டாரறியாமல் அனுப்பிய கதைகளைத் தம் இதழில் வெளியிட்டவர் பெரும் புதின ஆசிரியர் தஸ்தயெவ்ஸ்கி. அவர் இவர்தம் இல்லத்திற்கும் வந்து பழகினார். கணிதமும் இலக்கியமும் சோபியாவின் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றிய காலம் அது.

பெயரளவில் ஒரு திருமணம்

அக்கால உருசியாவில் பல்கலைக்கழகங்களின் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. அயல்நாடு செல்லவோ, தந்தை அல்லது கணவரின் இசைவு வேண்டும். இத்தளையிலிருந்து விடுபட அந்நாளைய இளம்பெண்கள் சிலர் ஒரு வழி கண்டனர். கல்வி விரும்பும் பெண்ணை, அக்கொள்கைக்கு ஆதரவான இளைஞர் ஒருவர் பெயரளவில் மணந்து அயல்நாட்டிற்கு அழைத்துச் செல்வார். விளாதிமீர் கோவலெவ்ஸ்கி என்னும் இளைஞரைச் சோபியா 1868இல் இவ்வாறே மணந்தார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு. விளாதிமீரும் எளியவர் அல்லர். டார்வின் நூல்களை உருசிய மொழிக்குக் கொணர்ந்தவர். பின்னர்த் தொல்லுயிரியலில் குதிரையினத்தின் படிமலர்ச்சி பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றவர்.

இத்தகைய திருமணத்தை நாம் போற்றவில்லை. கல்வி பெறுவதற்காக ஒரு பெண் உண்மையை மறைக்கவேண்டிய நிலையை உண்டாக்கிய சமுதாயமே ஈண்டு வினவத்தக்கது. நேர்வழியை அடைத்தவர் குறுக்குவழியைக் குறைகூறுதல் முறையன்று.

ஆசானும் மாணவியும்

1869இல் செருமனியின் ஐடெல்பர்க் நகரை அடைந்த சோபியா, பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெற்று வகுப்புகளில் அமர்ந்தார். எல்மோல்ட்ஸ், கிர்க்காஃப் முதலிய பேரறிஞர்களிடம் பயின்றார். அடுத்த ஆண்டு, அக்காலக் கணித உலகின் தலைமகனாகிய வையர்ஸ்ட்ராஸ் என்பாரை நாடிப் பெர்லின் சென்றார். ஆசானுக்கு அகவை ஐம்பத்தைந்து, மாணவிக்கு இருபது. தயங்கிய ஆசான் கடினமான கணக்குகள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினார். மீண்டும் வரமாட்டார் என்றே அவர் எண்ணியிருக்கக்கூடும். ஒரு வாரத்தில் சோபியா விடைகளுடன் வந்தார். விடைகள் சரியாக இருந்ததோடு அவற்றுள் தனித்தன்மையும் இருந்தது.

பெர்லின் பல்கலைக்கழகமோ பெண்ணை வகுப்பில் அமர இசையவில்லை. வையர்ஸ்ட்ராஸ் மனந்தளராமல், பல்கலைக்கழகத்தில் தாம் நிகழ்த்திய உரைகளையெல்லாம் நான்கு ஆண்டுகள் அம்மாணவிக்குத் தனியே கற்பித்தார். ஆசிரியப் பணியிலுள்ள நமக்கெல்லாம் இஃது ஒரு பாடம். விதி தடுக்கும்போது விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவோர் பலர். விதிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு அமர்த்துவோர் சிலரே.

1874இல் மூன்று ஆய்வுரைகளைச் சோபியா நிறைவு செய்தார். ஒன்று பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றியது. மற்றொன்று ஏபெல் தொகையீடுகள் பற்றியது. பிறிதொன்று சனிக்கோளின் வளையங்களின் வடிவம் பற்றியது. இவற்றிற்காகக் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் வழங்கியது. இக்காலத்து முறைப்படி ஆராய்ந்து கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. முதல் ஆய்வுரையில் அவர் நிறுவிய தேற்றம் கோசி-கோவலெவ்ஸ்காயா தேற்றம் என்னும் பெயரால் இன்றும் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளது.

இருண்ட ஆண்டுகள்

முனைவர் பட்டத்துடன் தாய்நாடு திரும்பியவருக்குக் கிட்டக்கூடிய பணி சிறுமியர்க்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்தலே. உயர்கணிதம் கற்பிக்கப் பெண்ணுக்கு உரிமையில்லை. பெயரளவிலான திருமணம் இக்காலத்தில் மெய்யான இல்லறமாயிற்று. 1878இல் ஒரு பெண்மகவு பிறந்தது. ஏறத்தாழ ஆறாண்டுகள் கணிதம் அவர் வாழ்வினின்றும் விலகி நின்றது. வீடுகட்டும் தொழிலில் இறங்கிய விளாதிமீர் பெரும் கடனில் ஆழ்ந்தார். கடன்சுமையும் பழிக்கு அஞ்சிய மனமும் அவரை அலைக்கழிக்க, 1883 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பாரிஸ் நகரில் இருந்த சோபியா செய்தி கேட்டு அறைக்கதவை அடைத்துக்கொண்டார். நான்கு நாட்கள் உணவின்றிக் கிடந்து ஐந்தாம் நாள் நினைவிழந்தார். ஆறாம் நாள் நினைவு தெளிந்ததும் எழுதுகோலும் தாளும் கேட்டுப் பெற்று ஒரு கணக்கில் ஆழ்ந்தார் என்பர் வரலாற்றாசிரியர். கல்வி என்பது வேலைக்கு மட்டும் உரியதன்று. வாழ்வு இடிந்து விழும்போது ஊன்றி எழும் கோலும் அதுவே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வையர்ஸ்ட்ராசின் மற்றொரு மாணவரான மித்தாக்-லெஃப்லர் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். அவர் முயற்சியால் சோபியா 1884இன் தொடக்கத்தில் அங்கு விரிவுரையாற்றத் தொடங்கினார். முதலில் செருமன் மொழியில் கற்பித்தவர், விரைவில் சுவீடிய மொழியைக் கற்று அம்மொழியிலேயே கற்பித்தார். அவ்வாண்டிலேயே ஐந்தாண்டுக் காலத்திற்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1889இல் அது வாழ்நாட் பதவியாயிற்று.

பம்பரத்தின் புதிர்

இனி, அவர் புகழை நிலைநாட்டிய பணிக்கு வருவோம். நம் தெருக்களில் சிறுவர் சாட்டை சுற்றி எறியும் பம்பரத்தை நினைவிற் கொள்க. அது தன்னைத்தானே சுற்றுகிறது, சாய்ந்து வட்டமிடுகிறது, தலையை அசைத்தாடுகிறது. ஒரு புள்ளியில் ஊன்றிச் சுழலும் திண்பொருளின் இவ்வியக்கத்தைச் சமன்பாடுகளாக வடித்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆய்லர். எழுதிவிட்டார், ஆனால் முழுமையாகத் தீர்க்க இயலவில்லை. ஏன்?

சில சமன்பாடுகள் நேரியல் தன்மையுடையவை. குளத்தில் இரு கற்களை எறிந்தால் எழும் சிற்றலைகள் ஒன்றையொன்று கடந்து செல்வதுபோல, அவற்றின் இரு தீர்வுகளைக் கூட்டினால் அக்கூட்டுத்தொகையும் ஒரு தீர்வாகும். செங்கல்மேல் செங்கல் வைத்துச் சுவர் எழுப்புவதுபோல எளிய தீர்வுகளிலிருந்து அரிய தீர்வுகளைக் கட்டிவிடலாம். பம்பரத்தின் சமன்பாடுகள் அத்தகையன அல்ல. மூன்று அச்சுகளைச் சுற்றிய சுழற்சி வேகங்களில் ஒன்றன் மாற்றம் மற்ற இரண்டின் பெருக்கற்பலனைச் சார்ந்திருக்கிறது. அறியப்படாத கணியங்கள் தமக்குள்ளேயே பெருகிக்கொள்கின்றன. இதுவே நேரியலற்ற தன்மை. இங்கே தீர்வுடன் தீர்வைக் கூட்டினால் தீர்வு கிட்டாது. ஒவ்வொரு சமன்பாட்டிற்கும் தனித்தனித் திறவுகோல் வேண்டும்.

தோராயமாகக் கணக்கிட்டு அடுத்த நொடியில் பம்பரம் எங்கிருக்கும் என்று கூறிவிடலாம். அது ஒரு தொடக்கத்திற்கு மட்டும் உரிய விடை. சரிநுட்பத் தீர்வு என்பதோ, எவ்வாறு சுழற்றினாலும் எக்காலத்தும் பொருந்தும் பொதுவிடை. அதற்கு, இயக்கம் முழுதும் மாறாமல் நிற்கும் அளவுகள் நான்கு தேவை. ஆற்றல் முதலிய மூன்று எல்லாப் பம்பரத்திற்கும் உண்டு. நான்காவது எளிதில் அகப்படுவதன்று. ஈர்ப்பு மையத்திலேயே ஊன்றிய பொருளுக்கு ஆய்லரும், சமச்சீரான பம்பரத்திற்கு லக்ராஞ்சும் அதனைக் கண்டனர். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் புதிய வழி எதுவும் புலப்படவில்லை.

சோபியா வினாவையே மாற்றினார். எந்தப் பம்பரத்திற்கு விடை கிட்டும் என்று நேரே தேடாமல், விடை ஒழுங்குடையதாக இருக்கவேண்டுமாயின் பம்பரம் எவ்வாறிருக்க வேண்டும் என்று வினவினார். காலத்தை மெய்யெண்ணாக மட்டும் கொள்ளாமல் கலப்பெண்ணாகக் கொண்டார். அக்கலப்பெண் தளத்தில் தீர்வு சில புள்ளிகளில் முடிவிலியாகப் பெருகி வெடிக்கும். அவ்வெடிப்பு, ஒரு புள்ளியைச் சுற்றிவந்தால் மதிப்பு மாறிப்போகும் குழப்பமான வகையாக இன்றி, எளிய வகையாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அப்புள்ளியின் அருகே தீர்வை முடிவிலாத் தொடராக எழுதி, தேவையான எண்ணிக்கையில் கட்டற்ற மாறிலிகள் அத்தொடரில் இடம்பெறுகின்றனவா என்று எண்ணிப் பார்த்தார். தேர்வில் தேறியவை பழைய இரு வகைகளும் புதியதொரு வகையுமே. அப்புதிய பம்பரத்தில் இரு நிலைமத் திருப்புத்திறன்கள் சமமாகவும், மூன்றாவது அவற்றிற் பாதியாகவும் இருக்கும். ஈர்ப்பு மையம் நடு அச்சில் அமையாது, அதற்குச் செங்குத்தான தளத்தில் பக்கவாட்டில் அமைந்திருக்கும். சமச்சீர் குலைந்ததாகத் தோன்றும் பம்பரத்துள் மறைந்துகிடந்த ஒழுங்கை அவர் கண்டார்.

கண்டதோடு நில்லாமல், அதன் நான்காம் மாறா அளவையும் கண்டு, முழுத் தீர்வையும் எழுதிக் காட்டினார். அதற்குத் துணைநின்றவை, தம் ஆசானிடம் இருபதாம் அகவை தொட்டுக் கற்ற ஏபெல் சார்புகள். இளமையிற் கற்ற கல்வி எந்த நாளில் எந்தப் பூட்டைத் திறக்கும் என்று எவரும் முன்கூட்டி உரைத்தல் இயலாது.

பரிசும் பிரிவும்

பிரெஞ்சு அறிவியல் கழகம் 1888ஆம் ஆண்டிற்குரிய போர்தேன் பரிசினை இத்திண்பொருள் இயக்கம் பற்றிய ஆய்வுக்கென அறிவித்திருந்தது. எழுதியவர் பெயர் நடுவர்க்குத் தெரியாதவாறு முத்திரையிட்ட உறையுடன் கட்டுரைகள் அனுப்பப்படுதல் மரபு. வந்த பதினைந்து கட்டுரைகளுள் ஒன்று ஏனையவற்றை விஞ்சி நின்றது. அதன் சிறப்புக் கருதிப் பரிசுத்தொகையை 3000 பிராங்கிலிருந்து 5000 பிராங்காக உயர்த்தினர். உறையைப் பிரித்தபோது வெளிப்பட்ட பெயர் சோபியா கோவலெவ்ஸ்காயா. பெயர் மறைந்திருந்தபோது எவரும் பெண் என்று தள்ளவில்லை என்பது கருதத்தக்கது.

1889இல் உருசிய அறிவியல் கழகம், செபிஷேவ் என்னும் கணித அறிஞரின் முயற்சியால் விதியைத் திருத்தி, இவரைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பெருமை வந்தது, தாய்நாட்டில் பணி மட்டும் இறுதிவரை வரவில்லை. அவ்வாண்டிலேயே தம் இளமை நினைவுகளை நூலாக்கி வெளியிட்டார். அந்நூல் இலக்கிய உலகின் பாராட்டையும் பெற்றது. கணிதத்திற்குக் கவியுள்ளம் வேண்டும் என்பது அவர் கொள்கை.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. படிகங்களில் ஒளி செல்லும் முறை பற்றி அவர் எழுதிய ஆய்வுரையில் பிழையுண்டு. அவர் மறைவிற்குப்பின் இத்தாலிய அறிஞர் வொல்த்தேரா அதனைச் சுட்டினார். மகளைச் சில ஆண்டுகள் தோழியரின் பாதுகாப்பில் விட்டிருந்தமைக்காக ஊரார் பழித்தனர். அயல்நாட்டுப் பணிக்காகப் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் தந்தையர் நம்மிடையே எத்துணைப் பேர்! அவர்களைத் தியாகிகள் என்று போற்றும் நாம், தாய் ஒருத்தியை மட்டும் வேறு தராசில் நிறுக்கிறோம்.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறை கழித்துக் கடுங்குளிரில் ஸ்டாக்ஹோம் திரும்பும் வழியில் நோயுற்றார். நுரையீரல் அழற்சி முற்றி, பிப்ரவரி 10ஆம் நாள் மறைந்தார். அகவை நாற்பத்தொன்றே. முதிய ஆசான் வையர்ஸ்ட்ராஸ் ஆற்றாமையால் அம்மாணவி தமக்கு எழுதிய மடல்களையெல்லாம் எரித்துவிட்டார்.

நிறைவுரை

அவர் இட்ட விதை வீண்போகவில்லை. பின்னாளில் பிரான்சின் தலைமையமைச்சராகவும் விளங்கிய கணித அறிஞர் பென்லவே, சோபியாவின் நெறியைப் பின்பற்றி நேரியலற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளை வகைப்படுத்தினார். கால்வாயில் வடிவம் குலையாது செல்லும் தனியலையைக் குறிக்கும் சமன்பாட்டை 1895இல் கோர்ட்வெக்கும் தெ விரீசும் எழுதினர். 1967இல் அதற்குச் சரிநுட்பத் தீர்வுமுறை கண்டறியப்பட்டது. அத்தகைய சமன்பாடுகளை இனங்காணும் சோதனையும் சோபியாவின் பழைய வினாவிலிருந்தே கிளைத்தது. நம் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியலற்ற இயக்கவியல் ஆய்வாளரும் இச்சோதனையைக் கையாண்டு உலகறிந்த ஆய்வுகளை வழங்கியுள்ளனர். பாலிபினோவின் சுவர் நம் காவிரிக்கரை வரை நீண்டிருக்கிறது.

மாணவச் செல்வங்களே! விடை கிட்டாதபோது வினாவை மாற்றிக் கேட்கும் துணிவை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! டிர்டோவைப் போல ஒரு வீட்டின் கதவைத் தட்டி ஒரு சொல் சொல்வோம். நாம் அன்று சொல்லத் தவறினோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

சமுதாயப் பெரியோர்களே! உங்கள் முன் நாம் வைப்பது சிறிய வேண்டுகோளே. இளநிலைப் பட்டத்திற்கு மூன்று ஆண்டுகள். நல்ல வரன் வந்தால் பேசுங்கள், உறுதியும் செய்யுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு மட்டும் இடையில் வாராதீர்கள். மணமகன் வீட்டாரிடம் அந்த மூன்றாம் ஆண்டைக் கேட்டுப் பெறுங்கள். அலுவலகத்தின் முன் அமர்ந்து ஒரு பெண் போடும் கணக்கை அவளே முடிக்கட்டும்.